டிரைவருக்குப் பின் சீட்டு

பிப்ரவரி 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் சுகம். அம்மா கண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனில் கேட்டால் "நல்லா இருக்கேன்க்கா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். பக்கத்துக் கட்டிலில் ஆள் தூங்குகிறார், சத்தம் போடக் கூடாது என்கிறாய். அதனால்தான் இந்தக் காகிதம். பைபாஸ் டீக்கடைக்காரரிடம் கொடுத்தால், நீ மதியச் சாப்பாட்டுக்கு வண்டியை நிறுத்தும்போது உன் கையில் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். உன் பதிலை அவர் பால் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புவார். ஸ்டாம்பு மிச்சம். சிரிக்காதே, நான் அப்படித்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். மலைக்கு அந்தப் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஏப்ரலில் தேதி கொடுத்துவிட்டார்கள். முதலில் இடது கண். ஆறு மாதம் கழித்து வலது கண். அவ்வளவு தூரம் எப்படிப் போவது என்று நாங்கள் இருவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். அப்போது எங்கள் கடைக்கு வந்த ஒரு பெண் பையிலிருந்து உன் பஸ் கம்பெனி நோட்டீஸை எடுத்துக் காட்டினாள். டிக்கெட் விலையைப் பார்த்து அச்சுப் பிழை என்றே நினைத்தேன். ஓட்டலில் ஒரு வேளை சாப்பிடுகிற காசுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் விடுகிறார்களாமே! நானும் "எதை எடுத்தாலும் ஒரே விலை" கடையில் வேலை பார்ப்பவள், மலிவு எனக்குப் புதிதில்லை. ஆனால் இது எனக்கே எட்டவில்லை.

நீ ஓட்டுகிற வண்டியிலேயே வருகிறோம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டில், பக்கத்து வீட்டில், தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லாம் சொல்லி முடித்துவிட்டாள்.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. 

உன் அக்கா

*

பிப்ரவரி 11

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். அம்மாவுக்கும் சொல். நான் நன்றாக இருக்கிறேன். (போனில் சொன்னாலும் காகிதத்தில் சொன்னாலும் அதுதானே!)

டிக்கெட் எப்படி இவ்வளவு குறைந்தது என்று கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். முதலில் ஜன்னல் திரை போனது. துவைக்கிற செலவு மிச்சம். பிறகு தண்ணீர் பாட்டில் போனது. பிறகு சீட்டுகளை நெருக்கிப் போட்டு இன்னொரு வரிசை சேர்த்தார்கள். நெட்டையாக இருப்பவன் முழங்காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிறகு வண்டி கழுவுகிற ஆளை நிறுத்தினார்கள். இனி எதைக் குறைப்பார்கள் என்று நாங்கள் டிரைவர்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தோம். டிசம்பர் கடைசியில் எங்கள் ரூட்டில் இரண்டாவது டிரைவரைக் குறைத்தார்கள்.

முன்பு பைபாஸ் வரை நான் ஓட்டுவேன். சாப்பிட்ட பிறகு விசில் அண்ணன் ஓட்டுவார். உனக்குத் தெரியுமே, நம் ஊர்க்காரர்தான், எந்நேரமும் ஏதாவது பாட்டை விசிலடித்துக்கொண்டிருப்பார். இப்போது காலையில் ஏறி உட்கார்ந்தால் இருட்டும் வரை நான்தான். ஒரு நாள் துறைமுகத்துக்கு, மறுநாள் திரும்பி வர. ஒன்றும் கஷ்டமில்லை. பைபாஸுக்கு இரண்டு பக்கமும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி ரோடு நேராகத்தான் போகும்.

அம்மாவை ரயிலில் கூட்டிப் போ அக்கா. பஸ்ஸில் காலை நீட்ட முடியாது. ரயில் டிக்கெட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
தம்பி

*

பிப்ரவரி 19

அன்புள்ள பெரிய மனிதருக்கு,

அக்காவின் கும்பிடு. இங்கே எல்லாரும் சுகம். அங்கே தங்களுக்குத் தலைக்கனம் தவிர வேறு நோய் எதுவும் இல்லை என்று நம்புகிறேன்.

ரயிலா? உன் கடிதம் வருவதற்குள் நான் டிக்கெட் எடுத்துவிட்டேன். முன்கூட்டியே எடுத்தால் இன்னும் குறைவு. ஆனால் திருப்பிக் கொடுத்தால் காசு வராது. இந்த ஊரில் என்னைப் "பேரம்" என்று கூப்பிடாதவர்கள் யார் இருக்கிறார்கள்? கல்லில் நார் உரிப்பவள் என்று அப்பாவே சொல்லுவார். அப்படிப்பட்டவள் எடுத்த டிக்கெட்டைக் கிழித்துப் போடு என்கிறாய்.

உண்மையைச் சொல். நாங்கள் வந்து ஏறினால் உனக்கு வெட்கமா? இல்லை, அந்த வண்டியில் தினமும் எவளாவது வருகிறாளா? இருந்தால் சொல்லித் தொலை, நான் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். அம்மாவிடம் ரயில் என்று சொன்னேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "பிள்ளை ஓட்டுற வண்டில போறதுக்குக் கொடுத்து வெச்சிருக்கணும்டி. கண்ணு தெரியாட்டி என்ன, அவன் ஹாரன் அடிக்கிறது கேக்கும்ல" என்றாள். இதற்கு நீயே பதில் சொல்லிக்கொள்.

கடையில் என்னோடு நின்ற பெண்ணை நிறுத்திவிட்டார்கள். இப்போது பிளாஸ்டிக் பக்கமும் நான்தான், பாத்திரப் பக்கமும் நான்தான். உட்கார ஸ்டூல் இருந்தது, அதையும் ஒரு விலை போட்டு விற்றுவிட்டார்கள். நான் நிற்பதற்குச் சளைத்தவள் இல்லை.

உடம்பு பத்திரம். பதில் உடனே வேண்டும்.

அக்கா

*

மார்ச் 10

அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னித்துக்கொள். அறைக்கு வந்தால் கட்டில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

எவளும் வரவில்லை. எனக்கு வெட்கமும் இல்லை. டிக்கெட்டைக் கிழித்துப் போடு. அந்தக் காசையும் நான் தருகிறேன். அம்மாவை இந்த வண்டியில் மட்டும் ஏற்றாதே. காரணம் கேட்காதே, கோபமும் படாதே.

வேறு விஷயம் ஒன்றுமில்லை. போன வாரம் காற்று பலமாக அடித்தது. பாலத்துச் சுவரில் வண்டி லேசாக உரசி, பக்கக் கண்ணாடி போய்விட்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 15

அன்புத் தம்பி,

நாங்கள் சுகம். நீ சுகமாக இல்லை என்று தெரிந்துகொண்டேன்.

விசில் அண்ணன் எங்கள் கடைக்கு வந்தார். சாமான் வாங்க அல்ல. வாட்ச்மேன் வேலை இருக்கிறதா என்று கேட்க. நல்லவேளையாக இருந்தது, அடுத்த நாளே சேர்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் முதலில் சிரித்தார். பிறகு ஓரமாக வந்து நின்று சொன்னார்: "எனக்கு வரவேண்டிய பாக்கிய வாங்கப் போனேன்மா. திரும்பி வர்றப்ப தம்பி வண்டிலதான் ஏறினேன். பைபாஸுக்கு முன்னாடி நல்லாத்தான் ஓட்டினான். சாப்பிட்டு எடுத்தான் பாரு, கண்ணத் தொறந்துகிட்டே தூங்குறான். எந்திரிச்சுப் போய் அவன் சீட்டுக்குப் பின்னாடி நின்னுகிட்டு, நம்ம ஊரையும் தாண்டி, மலைப்பாதை வர்ற வரைக்கும் விசிலடிச்சேன். வாய் மரத்துப் போச்சு. ஒரு ஆளு திட்டினாரு, பொழப்பு கெட்டவன்னு."

பாலத்துச் சுவரில் உரசிய அன்று காற்றே அடிக்கவில்லை என்று நினைக்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. என்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்லப் போகிறாய்? நான் உன்னைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை.

தூங்கினாயா? ஆம் இல்லை என்று மட்டும் எழுது.

அக்கா

*

மார்ச் 23

அன்பு அக்கா,

ஆம்.

அம்மாவிடம் சொல்லாதே. எழுத உட்கார்ந்துவிட்டேன், எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

காலையில் ஒன்றுமில்லை. சாப்பிட்டு வண்டியை எடுத்தால் ஒரு பெரிய வெளி வரும். அங்கே மரம் கிடையாது, வளைவு கிடையாது, வேகத்தடைகூட கிடையாது. கண்ணாடியில் வெயில் அடிக்கும். பின்னால் எல்லாரும் தூங்கிவிடுவார்கள். அத்தனை பேர் ஒன்றாகத் தூங்குகிற சத்தம் முதுகில் வந்து படும். தொடையைக் கிள்ளுவேன். கன்னத்தில் அறைந்துகொள்வேன். நாக்கைக் கடித்துக் காயம் ஆகிவிட்டது. மிளகாய் கடித்தும் பார்த்தேன், எரிச்சலோடு தூக்கம் வருகிறது. அன்று பாலம் எப்படி வந்தது என்றே தெரியாது. உரசிய சத்தத்தில்தான் விழித்தேன். ஒரு குழந்தை அழுதது. அதன் அம்மா "ஒண்ணுமில்லடா, டிரைவர் மாமா ஓரமாப் போறாரு" என்று சமாதானம் சொன்னாள். மலைப்பாதை வரை அந்தக் குழந்தையின் அழுகையைக் கேட்டுக்கொண்டேதான் ஓட்டினேன் அக்கா.

வேலையை விடு என்பாய். விட்டால் மறுநாள் இன்னொருவன் ஏறுவான், அவனும் தனியாகத்தான் ஓட்டுவான். மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. "ரெண்டாவது டிரைவர் போட்டா டிக்கெட்ட ஏத்தணும். ஏத்தினா ஜனம் அடுத்த கம்பெனிக்குப் போயிடும். அவங்களும் தனி ஆளத்தான் வெச்சு ஓட்டுறாங்க. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு" என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. ஆபீசிலும் ஆளைக் குறைத்திருக்கிறார்கள்.

இப்போது தெரிகிறதா? அம்மாவை நீ கூட்டி வந்தால் நான் எப்படி ஓட்டுவேன்?

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்தேன். மறுபடியும் படித்தேன். அழுதேன் என்று எழுத மாட்டேன், நீ இளப்பமாகப் பார்ப்பாய்.

திங்கட்கிழமையிலிருந்து டிரைவருக்குப் பின்னால் இருக்கிற ஜன்னலோர சீட்டை எனக்கு ஒதுக்கி வை. பைபாஸில் ஏறுவேன். அந்த வெளியைத் தாண்டி, மலையடிவாரத்தில் இறங்கி, எதிரே வருகிற உன் கம்பெனி வண்டியிலேயே வீடு திரும்புவேன். நீ துறைமுகத்துக்குப் போகிற நாளில், அந்தப் பக்கத்து நேர்ரோடு முடிகிற உப்புக் கிடங்கு வரை வருவேன். டிக்கெட்தான் அவ்வளவு மலிவாயிற்றே.

கடையில் லீவு கேட்டேன். தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். வீட்டில் காலையில் அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலையும் கிடைத்திருக்கிறது, கைக்கு ஆகிறது.

விசிலடிக்க எனக்கு வராது. பேச வரும்.

மீதி நேரில்.

அக்கா

*

ஜூலை 9

அன்பு அக்காவுக்கு,

வணக்கம். மூன்று மாதத்துக்கு மேல் ஆயிற்று நாம் கடிதம் எழுதி. தினமும் மதியம் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் கடிதம் எதற்கு? ஆனால் இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. நீயும் பேச விட மாட்டாய். ஏறியதிலிருந்து சண்டை! சின்ன வயதில் உன் குடையை நான்தான் தொலைத்தேன் என்று இன்னும் நம்புகிறாய். அப்பாவுக்கு யாரை அதிகம் பிடிக்கும் என்று அன்று நீ ஆரம்பித்ததில் எனக்கு வந்த ஆத்திரத்தில் மலைப்பாதையே வந்துவிட்டது. தூக்கம் கிட்டே வரவில்லை. பின்னால் இருந்தவர்கள் நம்மைப் புருஷன் பெண்டாட்டி என்று நினைத்திருப்பார்கள். ஏப்ரலில் அம்மா வந்தபோது அவளும் சேர்ந்துகொண்டு உன் பக்கம் பேசியதை நான் மறக்கவில்லை.

முதல் விஷயம். விசில் அண்ணன் சொல்லிவிட்டார். உனக்குக் கடையில் லீவு கொடுக்கவில்லையாம். அரை நாள் கேட்டாயாம், முடியாது என்றார்களாம். கடைச் சட்டையைக் கழற்றி மடித்து மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிட்டாயாம். என் தூக்கத்துக்காக உன் வேலை போயிருக்கிறது. அது தெரியாமல் நான் தினமும் உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். எனக்கு மனசே ஆறவில்லை அக்கா.

இரண்டாவது. நேற்று கம்பெனியில் எல்லா டிரைவர்களையும் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். மேனேஜர் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். "இவரு தனி ஆளா இந்த ரூட்ட ஓட்டுறாரு. ஏப்ரல்லேர்ந்து ஒரு கீறல் இல்ல, ஒரு நிமிஷம் லேட் இல்ல. ஒரு டிரைவர் போதும்னு நிரூபிச்சிட்டாரு" என்றார். கை தட்டினார்கள். இனி எல்லா ரூட்டிலும் இரண்டாவது டிரைவர் கிடையாது, டிக்கெட்டும் இன்னும் குறையும் என்று அறிவித்தார். இதுவரை இரண்டு டிரைவரோடு ஓடிக்கொண்டிருந்த நீள ரூட்டுக்காரர்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை தட்டவில்லை.

கூட்டம் முடிந்ததும் மேனேஜர் அறைக்குப் போய்ச் சொன்னேன், நான் தனி ஆள் இல்லை, என் அக்கா தினமும் டிக்கெட் எடுத்து வந்து என்னைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறாள் என்று. பேனாவை மூடி வைத்துவிட்டு முழுவதும் கேட்டார். எனக்கு வந்த நம்பிக்கையை என்ன சொல்ல. பிறகு நிஜமான சந்தோஷத்தோடு சொன்னார்: "நல்ல ஐடியாவா இருக்கே! டிரைவரோட சொந்தக்காரங்க அவருக்குப் பின் சீட்ல வந்தா பாதி டிக்கெட்னு போட்டுடலாம்." இன்று காலை நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள்.

என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ சொல்.

தம்பி

*

ஜூலை 12

அன்புத் தம்பி,

நலம்தான். இதைப் படித்துவிட்டு எப்படி நலமாக இருக்க முடியும் என்று தெரியவில்லை, இருந்தாலும் நலம்.

வேலை போனதைச் சொல்லாதது தப்புத்தான். சொன்னால் நீ என்னை வண்டியில் ஏற்ற மாட்டாய். அதோடு அதை விட்டுவிடு. எனக்கும் நின்று நின்று இடுப்பு போய்விட்டது.

பாதி டிக்கெட்! ஆயுள் முழுக்கப் பாதி விலை என்றால் ஓடிப் போய் வரிசையில் நின்றவள் நான். அந்த நோட்டீஸை பைபாஸ் கவுன்டரில் பார்த்தபோது, தம்பி, எனக்குக் கோபம்கூட வரவில்லை, அசதியாக இருந்தது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். சுமைகூலியை யார் கொடுப்பது என்று பழமொழி சொல்லவில்லை. நாம்தான் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம். நான் உன்னை விழித்திருக்க வைத்தது, மற்ற டிரைவர்கள் எல்லாரையும் தனியாக ஏற்றிவிடுவதில் போய் முடிந்திருக்கிறது. அவர்கள் எல்லாருக்கும் வாயாடி அக்கா இருக்கிறாளா? இருந்தாலும், அவளும் வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமா?

மேனேஜரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிப்ரவரியில் அந்த மலிவு நோட்டீஸைப் பார்த்துத் துள்ளியவளும் நான்தானே.

நாளை மறுநாளிலிருந்து நான் ஏற மாட்டேன். பைபாஸில் சாப்பிட்டதும் டீக்கடைப் பின்கட்டில் கட்டில் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். நீ போய்ப் படுத்துத் தூங்கு. எழுந்த பிறகு வண்டியை எடு. உன்னோடு வருகிறவர்கள் கத்துவார்கள், கத்தட்டும். நான் வண்டி வாசலில் நிற்கிறேன். இத்தனை வருஷம் விலைக்காகப் பேரம் பேசினேன். உன் தூக்கத்துக்காகப் பேச மாட்டேனா?

வேலை போகும். அதையும் யோசித்துத்தான் சொல்கிறேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 20

அன்பு அக்காவுக்கும் அம்மாவுக்கும்,

வணக்கம். புது ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அறை சின்னது, ஆனால் ஜன்னல் உண்டு. இங்கே தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். சம்பளம் பஸ்ஸைவிடக் குறைவு. சாயங்காலம் லாரியை நிறுத்தினால் வேலை முடிந்தது.

அந்த இரண்டு வாரமும் பைபாஸில் தூங்கினேனே, அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை. முதல் நாள் எழுந்து வந்தபோது நீ வாசல் படியில் கைகளை அகல வைத்து நின்றுகொண்டிருந்தாய். குரல் கம்மியிருந்தது. என்ன பேசினாய் என்று கேட்கவே இல்லை. வண்டியில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் வண்டி தினமும் லேட் என்று யாரோ கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன் மேல எனக்கு வருத்தமே இல்லப்பா. ஆனா உனக்குத் தூங்க ஒரு மணி நேரம் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்றார். ஆமாம், கேட்பார்கள் என்றேன். அவ்வளவுதான்.

அக்டோபரில் அம்மாவின் வலது கண்ணுக்குத் தேதி வருகிறதே. ஒரு மாதம் தள்ளிப் போட முடியுமா என்று கேள். அதற்குள் கையில் கொஞ்சம் சேரும், ரயிலில் போகலாம். அந்த வண்டியில் போகாதே. இப்போது ஓட்டுகிறவர் யார் என்றே எனக்குத் தெரியாது.

உன் இடுப்புக்கு மருந்து தடவிக்கொள்.

தம்பி

*

அக்டோபர் 6

அன்புத் தம்பிக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து அக்கா. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டைப் பிரித்ததும் என்னைப் பார்த்து, "என்னடி இப்படிக் கிழடு தட்டிப் போயிட்ட" என்றாள். கண் நன்றாகத்தான் தெரிகிறது.

தேதியைத் தள்ளிப் போட்டால் அடுத்த வருஷம்தான் என்றார்கள். ரயில் டிக்கெட் விலையைக் கேட்டுவிட்டு வந்தேன். பெட்டி ஒட்டுகிற காசில் அது ஆகிற காரியமா? கோபப்படாதே. அந்த வண்டியில்தான் வந்தோம். மலிவு வேண்டாம் என்று சொல்வதற்கும் கையில் காசு வேண்டியிருக்கிறது.

நீ கேட்காததைச் சொல்கிறேன். அன்று வாசலில் நின்று நான் ஒன்றும் பெரிதாகப் பேசவில்லை. "ஓட்டுறவன் தூங்கி எந்திரிக்கட்டும், இல்லாட்டி நீங்க யாராவது வந்து ஓட்டுங்க" என்றுதான் திரும்பத் திரும்பக் கத்தினேன். கையைப் பிடித்து இழுத்தார்கள், வசைபாடினார்கள். கடைசியில் ஒரு பெரியவர்தான் எல்லாரையும் உட்கார வைத்தார். "விடுங்கப்பா, இந்த வெலைக்கு உசுரோட கொண்டுபோய் விட்டாப் போதாதா" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இப்போது நேற்று முன்தினம் நடந்தது. பைபாஸ் வரை வந்து நின்ற வண்டியில் டிரைவரைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்தவர். சாப்பிட்டுவிட்டு வந்து கைப்பிடியைப் பிடித்து ஏறும்போதே கால் தடுமாறியது. கண் இரண்டும் கோவைப்பழம். கூட யாரும் இல்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, எப்போது ஹாரன் அடிப்பான் என்று பழைய நினைப்பில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கவுன்டர் பெண்ணிடம் டிரைவருக்குப் பின் சீட்டு இரண்டு கேட்டேன். "அது டிரைவர் சொந்தக்காரங்களுக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்றாள்.

தங்கச்சி என்றேன்.

பாதி விலைக்கே டிக்கெட் கொடுத்தாள். அம்மாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். வண்டி கிளம்பியது. அந்த வெளி ஆரம்பித்ததும் வெயில் கண்ணாடியில் அடித்தது. பின்னால் ஒவ்வொருவராகத் தூங்கினார்கள். அவர் தலை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. நான் எழுந்து அவர் காதுக்குப் பக்கத்தில் உரக்கச் சொன்னேன்:

"ஏன் அண்ணே, உங்க மக கல்யாணத்துக்கு என்ன மட்டும் கூப்பிடவே இல்லையே?"

திடுக்கிட்டு நிமிர்ந்தார். மேலே இருக்கிற கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். யார் இது என்று அவருக்குப் புரியவே இல்லை. பிறகு பாதையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியில் என்னைப் பார்த்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"பத்திரிகை வெச்சேனேம்மா. நீதானே வரல" என்றார்.

மலையடிவாரம் வரை விடாமல் சண்டை போட்டுக்கொண்டே போனோம்.

நாளை மறுநாள் ஊர் திரும்புகிறோம். நேரத்துக்குத் தூங்கு.

அக்கா